கேம் டெவலப்மென்ட் டிகிரிக்குப் பணம் கட்டும் முன் இதைப் படித்துப் பாருங்கள்: ஹார்வர்டின் இலவசப் பாடம் ஜிடி50

ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் சிஎஸ்50 பாட வரிசையில் கேம் டெவலப்மென்ட்டுக்கென்றே ஒன்று இருக்கிறது. சிலர் ஜிடி50 என்பார்கள், சிலர் சிஎஸ்50ஜி என்பார்கள், இரண்டும் ஒன்றுதான். 2018ல் வகுப்பில் நடத்திப் பதிவு செய்தது, வீடியோ எல்லாம் யூடியூபில் காசில்லாமல் பார்க்கலாம். கம்ப்யூட்டர் கேம் செய்வதுதான் என் படிப்பு என்று முடிவு கட்டியிருக்கும் பிள்ளைகளும், அதற்குப் பணம் கட்டப்போகும் பெற்றோரும், எந்தக் கல்லூரிக்கும் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் இதை ஒரு கை பார்த்துவிட வேண்டும் என்று அழுத்தமாகச் சொல்வேன்.

என் அக்கா பையன் பிளஸ் டூ முடித்ததும் கேம் படிப்புதான் வேண்டும் என்று நின்றான். ஒரு தனியார் கல்லூரிக்குப் போய்ப் பார்த்தோம். கட்டணம் லட்சக்கணக்கில். லேப் நன்றாகத்தான் இருந்தது, வரிசையாகப் பெரிய மானிட்டர்கள், சுவரெல்லாம் கேம் போஸ்டர். போன வருஷம் முடித்த பிள்ளைகள் செய்த கேம் ஏதாவது ஒன்றைக் கொடுங்கள், கொஞ்ச நேரம் விளையாடிப் பார்க்கிறோம் என்று கேட்டேன். டிரெய்லர் வீடியோ காட்டினார்கள், கையில் எடுத்து விளையாடக்கூடிய எதையும் காட்டவில்லை. வெளியே வந்ததும் அவனிடம், "மாப்ள, முதல்ல ஹார்வர்டு பாடத்தை முடி, அப்புறமும் ஆசை அப்படியே இருந்தா உங்கம்மாகிட்ட நானே பேசுறேன்" என்றேன். நான் வேலை பார்ப்பது வேறு வகை மென்பொருளில், கேம் பக்கம் போனதில்லை, அதனால் நானும் கூடவே உட்கார்ந்து படித்தேன். இந்த விமர்சனம் இருவருடைய அனுபவத்திலும் இருந்து எழுதுவது.

பாடம் போகிற விதம் எளிமையானது. வாரத்துக்கு ஒரு பழைய புகழ்பெற்ற கேம், அதன் குட்டி வடிவத்தைக் கோடில், அதாவது புரோகிராமாக எழுதி, கட்டிக் காட்டுவார்கள். 1972ல் அடாரி வெளியிட்ட பாங்கில் ஆரம்பித்து ஃப்ளாப்பி பேர்ட், பிரேக்அவுட், கேண்டி க்ரஷ் மாதிரியான மேட்ச் த்ரீ, சூப்பர் மாரியோ, செல்டா, ஆங்க்ரி பேர்ட்ஸ், போகிமான் என்று போகும். இதெல்லாம் டூடி, லுவா என்ற மொழியில், கேம் எழுத உதவும் லவ் என்ற இலவசக் கட்டமைப்பை வைத்துச் செய்வது. கடைசி மூன்று வாரம் யூனிட்டி என்ற கேம் எஞ்சினில், அதாவது கேம் கட்டும் மென்பொருளில், த்ரீடி: ஹெலிகாப்டர் கேம், ட்ரெட்ஹால்ஸ், போர்ட்டல். நடத்துபவர் கோல்டன் ஆக்டன். மேடையில் ஆடிப்பாடி நடத்துகிற ஆள் இல்லை, நிதானமாகப் பேசுவார், ஒரு வகுப்பு இரண்டு மணி நேரத்தை ஒட்டி ஓடும். ஆனால் எங்கே எதற்காக அந்த வரி வந்தது என்று சொல்லாமல் விடமாட்டார், எனக்கு அவரிடம் பிடித்ததே அதுதான்.

முதல் வாரப் பாங்கைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம், ஏனென்றால் இந்தப் பாடத்தின் தரம் அங்கேயே தெரிந்துவிடும். இரண்டு மட்டை, ஒரு பந்து, அவ்வளவுதான் கேம். மட்டையின் வேகம் 200 என்று ஒரு எண் இருக்கும். 200 என்றால் என்ன? ஒரு நொடிக்கு 200 பிக்சல். ஆனால் கம்ப்யூட்டர் நொடிக்கு எத்தனை தடவை திரையை வரைகிறது என்பது ஆளுக்கு ஆள் மாறும், புது லேப்டாப் 144 தடவை வரையும், பழையது 30 தடவை வரைந்தாலே பெரிது. ஒவ்வொரு தடவை வரையும்போதும் மட்டையை இத்தனை பிக்சல் நகர்த்து என்று எழுதினால் வேகமான மெஷினில் மட்டை பறக்கும், மெதுவான மெஷினில் ஊரும். ஒரு தடவை வரைவதைத்தான் ஒரு ஃப்ரேம் என்பார்கள். அதற்காகத்தான் போன ஃப்ரேமுக்கும் இந்த ஃப்ரேமுக்கும் இடையில் எவ்வளவு நேரம் ஆனது என்பதை டெல்டா டைம் என்று எடுத்து, வேகத்தை அதால் பெருக்குகிறார்கள். இதை யூனிட்டியில் நேராக ஆரம்பிக்கிற பலர் மனப்பாடமாக எழுதிவிட்டுப் போவார்கள், ஏன் என்று கேட்டால் தெரியாது. இங்கே முதல் வாரத்திலேயே காரணத்தோடு வந்துவிடுகிறது.

அதே பாங்கை ஒரேயடியாக முழுசாக வைத்துவிடாமல் பூஜ்யத்தில் ஆரம்பித்துப் பன்னிரண்டு வரை தனித்தனி ஃபோல்டராகப் பிரித்திருக்கிறார்கள். முதல் ஃபோல்டரில் திரையில் வெறும் எழுத்து. அடுத்ததில் திரை பெரிதாக இருந்தாலும் உள்ளே 432க்கு 243 பிக்சல்தான் என்று பழைய கேம் போல் மொத்தையாகத் தெரியவைக்கும் வித்தை. அப்புறம் மட்டை, பந்து, மோதல், ஸ்கோர், சத்தம் என்று ஒவ்வொன்றாக ஏறும். பந்து மட்டையில் பட்டுத் திரும்பும்போது வேகத்தை 1.03ஆல் பெருக்கும் ஒரு சின்ன வரி இருக்கிறது. ஒவ்வொரு அடிக்கும் மூன்று சதவீதம் வேகம் கூடுகிறது, ஆட்டம் நீள நீளச் சூடு பிடிக்கிறது. அந்த எண்ணை 1.2 என்று மாற்றிப் பாருங்கள், நாலைந்து அடியிலேயே கண்ணுக்குப் பிடிபடாமல் போய்விடும். ஒரு எண் ஆட்டத்தின் குணத்தையே மாற்றுவதைக் கையால் தொட்டுப் பார்க்கிற சந்தோஷம் இருக்கிறதே, அது வந்தால்தான் இந்தத் துறையில் நிற்க முடியும்.

வீட்டுப்பாடம்தான் இந்தப் பாடத்தின் உயிர். புதிதாக ஒன்றைச் செய் என்று சொல்லமாட்டார்கள், ஓடிக்கொண்டிருக்கும் கேமைக் கொடுத்து இதில் இன்னதைச் சேர் என்பார்கள். பாங்குக்கு, ஒரு பக்க மட்டையைக் கம்ப்யூட்டரே ஆடவேண்டும். கேட்க லேசாக இருக்கிறது. பந்து மேலே போனால் மட்டையும் மேலே, கீழே போனால் கீழே என்று எழுதினால் இரண்டு பிரச்சினை வரும். ஒன்று, பந்தின் மட்டத்துக்கு வந்த பிறகும் மட்டை மேலும் கீழும் நடுங்கிக்கொண்டே நிற்கும், ஒவ்வொரு ஃப்ரேமிலும் கொஞ்சம் தாண்டிப் போய்த் திரும்புவதால். இன்னொன்று, அது தோற்கவே தோற்காது. யாரும் ஜெயிக்க முடியாத ஆட்டத்தை யார் ஆடுவார்கள்? அப்போது அதன் வேகத்தைக் குறைக்கலாமா, பந்து பாதி தூரம் வந்த பிறகுதான் நகரவேண்டும் என்று வைக்கலாமா என்று யோசிக்க வேண்டியிருக்கிறது. அங்கேதான் புரோகிராமிங் முடிந்து கேம் டிசைன் ஆரம்பிக்கிறது. பையன் இதிலேயே இரண்டு மூன்று நாள் கிடந்தான், சாப்பாட்டுக்குக் கூப்பிட்டாலும் எழுந்து வரவில்லை.

வேலையிலும் இதுதான் நடக்கும் என்பதால் எனக்கு இந்த முறை மேல் மரியாதை அதிகம். எந்தக் கம்பெனியில் சேர்ந்தாலும் முதல் நாள் காலியான ஃபோல்டரைக் கொடுக்கமாட்டார்கள், வேறு யாரோ எழுதிய ஆயிரக்கணக்கான வரிகளைக் கொடுத்து ஒன்றைத் திருத்தச் சொல்வார்கள். அடுத்தவர் கோடைப் படிக்கும் பழக்கத்தை இந்த அளவுக்குச் சொல்லித்தரும் பாடத்தை நான் வேறெங்கும் பார்க்கவில்லை.

ஃப்ளாப்பி பேர்ட் வாரமும் அருமை. வியட்நாமைச் சேர்ந்த டாங் நுயென் தனி ஆளாகச் செய்து 2013ல் வெளியிட்டு, உலகமே விளையாடிக்கொண்டிருந்தபோது 2014 பிப்ரவரியில் தானே எடுத்துவிட்ட கேம். பறவை முன்னால் பறப்பது போல் தெரிகிறதே, உண்மையில் அது இருந்த இடத்திலேயே மேலும் கீழும்தான் போகிறது, குழாய்கள்தான் இடப்பக்கம் வருகின்றன. பின்னணி 30 வேகத்திலும் தரை 60 வேகத்திலும் நகர்கிறது. ரயில் ஜன்னலில் பக்கத்துக் கம்பம் விருட்டென்று ஓட, தூரத்து மலை மெதுவாக வருமே, அந்தக் கணக்குதான். இந்த இரண்டு எண்ணில் படத்துக்கு ஆழம் வந்துவிடுகிறது.

அதே வாரத்தில் வருவது ஸ்டேட் மெஷின். டைட்டில் திரை, மூன்று இரண்டு ஒன்று என்று எண்ணுவது, ஆட்டம், ஸ்கோர் என ஒவ்வொன்றையும் தனி நிலையாகப் பிரித்து, ஒரு நேரத்தில் ஒரு நிலைதான் ஓடவேண்டும் என்று வைப்பது. இது தெரியாமல் கேம் எழுதினால் இஃப் எல்ஸ் நிபந்தனைகள் குவியலாகி நூறு வரிக்கு மேல் யாராலும் படிக்க முடியாது. பல வாரம் கழித்து போகிமான் வரும்போது இதே விஷயம் அடுக்காக வளர்கிறது: வயல்வெளியில் நடக்கும் நிலை அடியில் இருக்க, அதன் மேல் சண்டை, சண்டையின் மேல் மெனு, மெனுவின் மேல் ஒரு வசனப் பெட்டி. மேலே இருப்பதை எடுத்தால் கீழே இருந்தது விட்ட இடத்திலிருந்து தொடரும். இரண்டாம் வகுப்பில் போட்ட விதை எட்டாம் வகுப்பில் முளைப்பதைப் பார்க்கும்போது பாடத்திட்டம் போட்டவர்கள் மேல் மதிப்பு வருகிறது. போகிமான் வீட்டுப்பாடம், லெவல் ஏறும்போது பலம், தற்காப்பு, வேகம் எல்லாம் எவ்வளவு கூடியது என்று மெனுவில் காட்டவேண்டும். ஒவ்வொரு குணத்துக்கும் உள்ளுக்குள் மூன்று தடவை பகடை உருட்டிப் பார்க்கிறது கோடு. சின்ன வயதில் விளையாடிய கேமின் வயிற்றுக்குள் இப்படி ஒரு கணக்கு ஓடியிருக்கும் என்று யார் நினைத்தோம்!

பிரேக்அவுட்டும் மேட்ச் த்ரீயும் பரவாயில்லை ரகம், ஒரே படத்திலிருந்து சின்னச் சின்னத் துண்டாக வெட்டி எடுப்பதும், ஒரு பொருள் ஓரிடத்திலிருந்து இன்னொரு இடத்துக்கு வழுக்கிக்கொண்டு போக வைப்பதும் அங்கே கற்றுக்கொள்வது. மாரியோவில் லெவலைக் கையால் வரையாமல் கம்ப்யூட்டரே ஒவ்வொரு செங்குத்து வரிசையாகப் போட்டுக்கொண்டு போகும், இங்கே பள்ளம் வரட்டுமா, இங்கே தூண் வரட்டுமா என்று சீட்டுக் குலுக்கியபடி. சரி, வீட்டுப்பாடத்தில் ஒரு சாவியும் பூட்டும் எங்காவது வைக்கவேண்டும், பூட்டைத் திறந்தால் லெவல் முடிவில் கொடி வரவேண்டும். சாவி பள்ளத்துக்கு மேலே அந்தரத்தில் போய் விழுந்தால்? ஆட்டக்காரரே ஆரம்பத்தில் பள்ளத்துக்கு மேலே பிறந்தால்? இப்படி யோசிக்காத ஒவ்வொன்றும் ஓட்டிப் பார்க்கும்போது ஒரு தடவையாவது நடக்கும். செல்டாவில் பானையைத் தூக்கி எறிவதும் ஆங்க்ரி பேர்ட்ஸில் பறந்துகொண்டிருக்கும் ஒன்றை ஸ்பேஸ் பாரைத் தட்டி மூன்றாகப் பிரிப்பதும் வீட்டுப்பாடம், இரண்டுமே செய்யச் செய்ய ஆசையாக இருக்கும். பிந்தையதில் மோதல், எடை, உராய்வு எல்லாவற்றையும் பாக்ஸ்டூடி என்கிற இலவச பிசிக்ஸ் நிரல்தொகுப்பு பார்த்துக்கொள்கிறது, அசையாத பொருள், அசையும் பொருள் என்று சொல்லிவிட்டால் போதும்.

இனி குறைகள். முதல் குறை வயது. 2018ல் வகுப்பு நடந்தபோது பயன்படுத்திய லவ் என்ற கட்டமைப்பில் நிறங்களை 0 முதல் 255 வரை எழுதுவார்கள், அதே வருடம் வந்த 11வது பதிப்பிலிருந்து 0 முதல் 1 வரை. வீடியோவைப் பார்த்து அப்படியே தட்டினால் திரை வெள்ளையாகிவிடும், ஏன் என்று தெரியாமல் முழிக்க வேண்டியிருக்கும். 255ஆல் வகுத்து எழுதினால் தீர்ந்தது. டூடி வாரங்களில் இந்த மாதிரி சில்லறைச் சிக்கல்தான்.

யூனிட்டி வாரங்கள் அப்படி இல்லை, அங்கே நிஜமாகவே பலவீனம். பாடத்தில் வரும் ஸ்டாண்டர்ட் அசெட்ஸ் என்ற தொகுப்பையே யூனிட்டி பின்னால் கைவிட்டுவிட்டது, அதில் இருந்த முதல் நபர் கன்ட்ரோலரை (ஆடுகிறவர் கண் வழியாகவே பார்த்து நடக்க வைக்கும் கோடு) வைத்துத்தான் போர்ட்டல் வீட்டுப்பாடம் செய்யவேண்டும். பழைய பதிப்பைத் தேடி இறக்கி, எச்சரிக்கைகளைத் தாண்டி ஓட்டுவதற்குள் கற்றுக்கொள்ளும் ஆர்வம் வடிந்துவிடும். மூன்றே வாரத்தில் த்ரீடி முழுவதையும் தொட்டுவிட முடியாது என்பதும் உண்மை. ட்ரெட்ஹால்ஸில் சுரங்கப்பாதை தானாக உருவாவதும் மூடுபனி போட்டுப் பயமுறுத்துவதும் நன்றாக இருக்கிறது, மற்றபடி லுவாவில் ஒவ்வொரு வரியையும் பிரித்துக் காட்டிய அந்த ஆழம் இங்கே இல்லை.

இன்னொன்று, ஆக்டன் பெரும்பாலும் ஏற்கெனவே எழுதி வைத்த கோடைக் காட்டி விளக்குகிறார், கண்ணெதிரே தட்டி எழுதுவது குறைவு. தலையை ஆட்டிக்கொண்டே இரண்டு மணி நேரம் பார்த்துவிட்டு எல்லாம் புரிந்துவிட்டது என்று எழுந்துபோனால் ஒன்றும் ஒட்டாது. வீடியோவை நிறுத்தி, ஃபோல்டரைத் திறந்து, ஒரு எண்ணை மாற்றி ஓட்டிப் பார்த்து, அப்புறம் தொடரவேண்டும்.

புரோகிராமிங்கே தெரியாதவர்களுக்கு இது சரிப்படாது. வேரியபிள், லூப், ஃபங்ஷன், கொஞ்சம் கிளாஸ் ஆப்ஜெக்ட் தெரிந்திருக்க வேண்டும். தெரியாவிட்டால் முதலில் ஹார்வர்டின் அடிப்படைப் பாடமான சிஎஸ்50எக்ஸ், அல்லது பள்ளியில் பைத்தான் ஒழுங்காகப் படித்திருந்தாலே போதும். லுவா பிரேசிலில் ரியோவின் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் 1993ல் பிறந்த சின்ன மொழி, இரண்டு நாளில் கைவசமாகும். பட்டியல் எண்ணிக்கை பூஜ்யத்தில் இல்லாமல் ஒன்றில் ஆரம்பிக்கும், அதற்கு மட்டும் கொஞ்சம் பழகவேண்டும். வகுப்பு ஆங்கிலத்தில்தான், ஆங்கில சப்டைட்டில் போட்டுக்கொண்டு பார்த்தால் தமிழ்வழியில் படித்த பிள்ளைகளும் தொடர முடியும், பேச்சில் அலங்காரம் இல்லை.

நம் வீடுகளுக்கு முக்கியமான விஷயம் மெஷின். கேம் படிப்பு என்றாலே லட்ச ரூபாய்க்கு கிராஃபிக்ஸ் கார்டு போட்ட லேப்டாப் வேண்டும் என்று ஒரு பேச்சு இருக்கிறது. டூடி வாரங்களுக்குத் தேவையே இல்லை. லவ் இறக்குவதற்குப் பத்து எம்பிகூட வராது, அரசு கொடுத்த பழைய லேப்டாப்பில்கூட ஓடும், கோடு எழுத எந்த எடிட்டரும் போதும். யூனிட்டி மட்டும்தான் பல ஜிபி இடம் கேட்கும், ராமும் கேட்கும்.

இந்தப் பாடம் எதைக் கொடுக்காது என்பதையும் சொல்லவேண்டும், அங்கேதான் பல்கலைக்கழக டிகிரிக்கு அர்த்தம் வருகிறது. படம் வரைவது, இசை, கதை, விளையாடுகிறவர்களை உட்கார வைத்துக் கவனிப்பது எதுவும் இதில் கிடையாது. எல்லாவற்றையும்விட, குழுவாக வேலை செய்வது கிடையாது. கேம் தனி ஆள் வேலையாக இருப்பது அபூர்வம், படம் வரைகிறவனோடும் ஒலி அமைக்கிறவளோடும் சண்டை போட்டுச் சமாதானமாகி ஒரு தேதிக்குள் முடிப்பதைத்தான் கல்லூரியில் கற்றுக்கொள்ள வேண்டும். ஸ்காட்லாந்தின் டண்டீ நகரில் அபர்டே பல்கலைக்கழகம் 1997லேயே இதற்கு டிகிரி தொடங்கிவிட்டது. அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலத்து டிஜிபென் கல்லூரி மாணவர்கள் சிலர் இறுதியாண்டு பிராஜெக்டாக 2005ல் நார்பாகுலர் ட்ராப் என்று ஒரு கேம் செய்தார்கள், சுவரில் இரண்டு வாசல் திறந்து ஒன்றில் நுழைந்து இன்னொன்றில் வெளியே வருவது. அதைப் பார்த்த வால்வ் நிறுவனம் அந்தக் குழுவை அப்படியே வேலைக்கு எடுத்தது, அவர்கள் செய்ததுதான் 2007ல் வந்த போர்ட்டல். ஜிடி50ன் கடைசி வாரத்தில் நாம் கட்டிப் பார்ப்பதும் அதையேதான். நல்ல கல்லூரி என்றால் அது, வெளியே யாராவது எடுத்து விளையாடுகிற ஒன்றைப் பிள்ளைகள் முடித்துவிட்டு வருவது.

அதனால் கல்லூரி பார்க்கப் போகிறவர்கள் லேபைப் பார்க்காதீர்கள், முடித்த மாணவர்களின் கேம், யாரும் தங்கள் கேமை ஏற்றிவைக்கும் இட்ச் (itch.io) தளத்தில் இருக்கிறதா, எத்தனை பேர் சேர்ந்து செய்தார்கள், எத்தனை மாதம், சொல்லிக்கொடுக்கிறவர்கள் சொந்தமாக ஒரு கேமாவது வெளியிட்டிருக்கிறார்களா என்று கேளுங்கள். பெயருக்கு ஒரு சான்றிதழும் வேலை வாங்கித் தருகிறோம் என்ற வாக்குறுதியும் மட்டும் இருந்தால், சாதாரண பி.இ. அல்லது பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்துக்கொண்டே பக்கத்தில் இதைச் செய்வது எவ்வளவோ மேல். கேமில் வேலை கிடைக்காவிட்டாலும் கையில் ஒரு டிகிரி நிற்கும்.

பையன் ஆங்க்ரி பேர்ட்ஸ் வரை வந்துவிட்டான், ஆசை குறையவில்லை, கூடித்தான் இருக்கிறது. அக்காவிடம் பேசினேன். கம்ப்யூட்டர் சயின்ஸில் சேர்வது, கேமைத் தொடர்ந்து செய்வது என்று மூவரும் சேர்ந்து முடிவெடுத்தோம்.

காசு கொடுத்து வாங்கும் சான்றிதழ் பற்றிப் பலர் கேட்கிறார்கள். தேவையில்லை என்பேன். வீட்டுப்பாடம் அனுப்பும்போது கேமை விளையாடிக் காட்டும் சின்ன வீடியோ ஒன்றை யூடியூபில் ஏற்றி, எந்த நொடியில் எந்தத் தேவை நிறைவேறுகிறது என்று குறித்து அனுப்பச் சொன்னார்கள். அந்தப் பழக்கத்தை மட்டும் விடாதீர்கள், நாளைக்கு நேர்முகத்தில் காட்டுவதற்கு அதைவிட நல்ல சான்று கிடையாது. கடைசி மூன்று யூனிட்டி வாரத்தை விட்டுவிட்டு அந்த நேரத்தில் கோடோ என்ற இலவச எஞ்சினின் அதிகாரப்பூர்வ பயிற்சியைச் செய்யுங்கள், அளவில் சின்னது, பழைய லேப்டாப்பையும் அவ்வளவாக வருத்தாது. யூனிட்டி 2023ல் ஒவ்வொரு இன்ஸ்டாலுக்கும் கட்டணம் என்று அறிவித்து, எதிர்ப்பு கிளம்பி, அடுத்த வருடம் அதைக் கைவிட்டது, அந்தக் கலவரத்தில் நிறையப் பேர் கோடோ பக்கம் வந்தார்கள். இறுதி பிராஜெக்டுக்கு மட்டும் திரும்ப ஜிடி50க்கு வந்து, லவ்விலோ கோடோவிலோ ஆரம்பமும் முடிவும் உள்ள ஒரு சின்ன கேமை முழுசாக முடித்து இட்ச்சில் போடுங்கள். ஐந்தில் நான்கரை நட்சத்திரம், டூடி வாரங்களுக்கு மட்டும் என்றால் முழு ஐந்து.